கிராம சபையா, தகவல் மனுவா?

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பலரும் கேட்பது இது: ஏரி தூர்வாரியதாகக் கணக்கு இருக்கிறது, சீமைக்கருவேலம் அப்படியே நிற்கிறது, எங்கே போய்க் கேட்பது? கிராம சபையிலா, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போட்டா?

செலவு: சபையில் கேட்கக் காசு வேண்டாம். மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தபால் செலவு.

காலம்: சபை ஆண்டுக்கு 6 முறைதான். மனுவுக்கு 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அது இழுக்கும்.

பலன்: சபையில் ஊரே கேட்கும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மனுவில் 'ஏன்' என்று கேட்காதீர்கள், தட்டிக்கழிப்பார்கள். எம்-புக் (செய்த வேலையின் அளவு எழுதும் புத்தகம்), பில் நகல் கேளுங்கள். வேலையை நேரில் பார்க்கவும் தார், சிமென்ட் மாதிரி எடுக்கவும்கூட இந்த 2005 தகவல் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. இதை யாரும் பயன்படுத்துவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தெருவிளக்கு, குடிநீருக்குச் சபை போதும். பணம் போன கணக்குக்கு மனுதான். நகல் வந்ததும் அடுத்த சபையில் உரக்கப் படியுங்கள்.