தீக்காய வார்டில் வி.ஆர். ஹெட்செட்: சில வருட அனுபவம்

தீக்காயம் பட்டவரிடம் எப்போது அதிகம் வலித்தது என்று கேட்டுப் பாருங்கள். தீப்பிடித்த நாளைச் சொல்பவர்கள் குறைவு, டிரஸ்ஸிங் மாற்றும் நேரத்தைத்தான் சொல்வார்கள். பழைய கட்டைப் பிரித்து, காயத்தைக் கழுவி, செத்த தோலை எடுத்து, மருந்து தடவி மறுபடி கட்ட வேண்டும். காயம் பெரிது என்றால் வாரக்கணக்கில் இதே பாடு. டிராலி உருளும் சத்தம் கேட்டதுமே பெட்ஷீட்டை இறுகப் பிடித்துக்கொள்பவர்கள் எங்கள் வார்டில் எத்தனையோ பேர். அந்த நேரத்துக்காகத்தான் சில வருடங்களாக வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் பயன்படுத்துகிறோம். கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் திரைக் கருவி அது, வேறொரு உலகத்துக்குள் இருப்பதுபோலவே காட்டும். வாங்கலாமா என்று யோசிக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும், "இதெல்லாம் வேலைக்காகுமா சிஸ்டர்?" என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேலைக்காகும், வலி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால். முதலில் ஊசி, அது பிடிக்கும்வரை கொஞ்சம் பொறுமை, அப்புறம்தான் ஹெட்செட். அதுதான் மாட்டியாச்சே, ஊசி எதற்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இது அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் தொடங்கிய முயற்சி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் 1990களின் பிற்பாதியில் அங்குள்ள ஹார்பர்வியூ தீக்காய மையத்தில் செய்து பார்த்தார்கள். 2000-இல் வந்த அவர்களுடைய முதல் கட்டுரையில் நோயாளிகள் இரண்டே பேர், இருவருமே பதின்வயதுப் பையன்கள். சாதாரண வீடியோ கேம் ஆடியபோது இருந்ததைவிட, வி.ஆர். மாட்டிய நேரத்தில் இருவருக்கும் வலி நன்றாகவே குறைந்திருந்தது. பிறகு தீக்காய நோயாளிகளுக்கென்றே 'ஸ்னோவேர்ல்டு' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். பனிமலைகளுக்கு நடுவே மெதுவாக மிதந்துகொண்டே பனிமனிதர்கள் மேலும் பெங்குவின்கள் மேலும் பனிப்பந்து எறிய வேண்டும். எரிந்த உடம்புக்குக் குளிர்ந்த உலகம். யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

2004-இல் அதே குழு, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் சூட்டால் வலி உண்டாக்கி மூளையை ஸ்கேன் செய்தது. வி.ஆர். போட்டிருந்தபோது வலி சம்பந்தப்பட்ட ஐந்து பகுதிகளில் மூளையின் செயல்பாடு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நாம் வலியை உணர அதன்மேல் கவனம் போக வேண்டும். அந்தக் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அதில் பெரும்பங்கை விளையாட்டு எடுத்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எங்களிடம் இருப்பது கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடும் அரைக் கிலோ ஹெட்செட். அதிலும் பனிப்பந்து எறியும் விளையாட்டு ஒன்று வைத்திருக்கிறோம். கொதிக்கும் எண்ணெய் கொட்டி முழங்காலுக்குக் கீழே வெந்துபோன ஒரு பரோட்டா மாஸ்டர் முதல் தடவை அதை மாட்டினார். கணுக்காலில் காயத்தின் மேல் போட்ட கட்டுத்துணி ஒட்டிக்கொண்டிருந்தது. சலைன் ஊற்றி ஊறவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அவருடைய கட்டைவிரல், விளையாட்டுக்காகக் கையில் பிடித்திருந்த கருவியின் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒட்டின இடம் விடுபட்டபோது ஒரு தரம் மூச்சை இழுத்தார், பொத்தான் சத்தம் நின்றது. உடனே மறுபடி ஆரம்பித்துவிட்டது. கட்டுப் போட்டு முடித்ததும், "அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு சிஸ்டர்?" என்றார். முந்தின நாள் அதே காலுக்கு மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

சும்மா பார்க்கிற வீடியோ இந்த அளவுக்குப் பிடித்து வைப்பதில்லை. அருவி, கடற்கரை, கோயில் எல்லாம் போட்டுப் பார்த்தோம். கட்டைப் பிரிக்கும்வரை ரசிப்பார்கள், காயத்தைக் கழுவத் தொடங்கியதும் மனசு காலுக்கே போய்விடும். கை ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் உள்ள நேஷன்வைட் குழந்தைகள் மருத்துவமனையில் 6 முதல் 17 வயது வரையுள்ள 90 பேரிடம் ஸ்மார்ட்போன் வி.ஆர். வைத்துச் சோதித்து 2021-இல் வெளியிட்ட ஆய்விலும், சும்மா பார்த்தவர்களைவிட விளையாடியவர்களுக்கே வலி குறைவு. விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது போனில் ஓடிய விளையாட்டு.

சிரமங்களும் உண்டு. படுத்த நிலையில் மாட்டினால் காட்சி கூரைக்கோ தரைக்கோ போய்விடும், ஒவ்வொரு தடவையும் நேராக்க வேண்டும். இரண்டு கையும் வெந்தவர்களுக்குத் தலையை அசைத்தே ஆடுகிற விளையாட்டு வேண்டும். வேகமாக ஓடுவது, ரோலர் கோஸ்டர் வகையெல்லாம் கூடவே கூடாது. வலி ஊசியே குமட்டும், அதன்மேல் இதுவும் சேர்ந்தால் வாந்திதான். வலிப்பு வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. முகத்தில் படும் பாகத்துக்கு சிலிகோன் உறை போட்டு, ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்கிறோம். லென்ஸில் மட்டும் ஸ்பிரிட் படக் கூடாது, மங்கிவிடும். தீக்காய வார்டில் தொற்று உயிரை எடுக்கும் விஷயம், இதில் சலுகையே கிடையாது.

முகம் வெந்தவர்களுக்கு மாட்ட முடியாது. சிறு குழந்தைகளுக்கும் பொருந்தாது, இதுதான் எனக்குப் பெரிய ஏக்கம். குளிக்க வைத்த வெந்நீரையும் இறக்கி வைத்த சாம்பாரையும் மேலே கவிழ்த்துக்கொண்டு வருவது நடக்கப் பழகும் வயதுக் குழந்தைகள்தானே. அவர்களுக்கு அம்மாவின் மடி, சோப்புக் குமிழி, செல்போன் பாட்டு என்று இன்னமும் பழைய வழிதான்.

வேண்டாம் என்பவர்களை வற்புறுத்தாதீர்கள். அடுத்தவர் கையால் எரிக்கப்பட்டு வந்த ஒரு அக்காவுக்குக் கண்ணை மூடினாலே உடம்பு நடுங்கியது. "நீ என்ன செய்றேன்னு பாத்துக்கிட்டே இருக்கேம்மா, அதுதான் எனக்குத் தைரியம்" என்றார். அவருக்கு ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே செய்தோம். மாட்டுகிறவர்களுக்கும் எங்கள் குரல் கேட்கும்படி சத்தத்தைக் குறைத்து வைக்கிறோம். "நிறுத்துங்க" என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவோம்.

காயம் ஆறினபிறகும் இதற்கு வேலை இருக்கிறது. தழும்பு இறுகி மூட்டு மடங்கிப் போகாமல் தினமும் நீட்டி மடக்க வேண்டும், பலர் அழுதுகொண்டே பாதியில் விட்டுவிடுவார்கள். தோளை உயர்த்தினால்தான் எட்டும் இடத்தில் பழங்களை வைத்த ஒரு விளையாட்டை எங்கள் பிசியோதெரபிஸ்ட் தம்பி கொடுக்கிறார். கூடுதலாகச் செய்கிறார்கள், மறுநாள் அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: முழு சார்ஜில் இரண்டு மணி நேரம் போல ஓடும், காலை ரவுண்டுக்கே சரியாகப் போய்விடும். இரவு டியூட்டியில் டிரஸ்ஸிங் டிராலி தயார் செய்பவரிடமே சார்ஜ் போடும் பொறுப்பையும் கொடுத்துவிடுங்கள்.