ஒரே கோடா, அறைக்கு ஒரு கணக்கா? தரை டைல்ஸ் திட்டத்தில் இரண்டு வழிகள்

கூடம், சாப்பாட்டு அறை, நடை, படுக்கையறைகள் என்று ஒன்றுக்குள் ஒன்று திறக்கும் அறைகளுக்கு டைல்ஸ் போட இரண்டு வழிகள் உண்டு. டைல்களுக்கு இடையே ஓடும் ஒரே இணைப்புக் கோட்டை எல்லா அறைகளுக்கும் விடாமல் கொண்டுபோகலாம். அல்லது ஒவ்வோர் அறைக்கும் தனியாக நடுக்கோடு பிரித்து, நிலைவாசலில் ஒரு கல் பட்டை வைத்து முடித்துக்கொள்ளலாம். கதவில்லாமல் திறந்து கிடக்கும் பகுதிகளுக்கு முதல் வழிதான் என்பது என் கட்சி. ஆனால் அதை அரைகுறையாகச் செய்வதைவிட இரண்டாவது எவ்வளவோ மேல்.

தொடர்கோடு போட்ட தரையில், வாசலில் நின்றால் கடைசிச் சுவர் வரை பார்வை தடையில்லாமல் போகும். சிறிய வீடும் விசாலமாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், பிழையும் கூடவே போகும். 3 மீட்டருக்கு 3 மி.மீ. கோணல் என்றால் 12 மீட்டரில் அது 12 மி.மீ. நடையின் ஓரத்துண்டுகள் போகப்போகக் குறுகுவது கண்ணை உறுத்தும். அதனால் முதல் அறையின் சுவரை நம்பித் தொடங்கவே கூடாது. வீட்டின் மிக நீளமான பார்வை எதுவோ அதில் நூல் பிடியுங்கள். பெரும்பாலும் அது நடையாகத்தான் இருக்கும். அதற்குக் குறுக்கே 3-4-5 கணக்கில் (பக்கங்கள் 3, 4, 5 விகிதத்தில் இருந்தால் மூலை செங்கோணம்) மூலைமட்டம் எடுங்கள். 1.8, 2.4, 3 மீட்டர் என்று பெரிதாக எடுத்தால் கோணம் துல்லியமாக வரும். எல்லா அறைகளுக்கும் இந்த இரண்டு கோடுகளிலிருந்தே அளக்க வேண்டும். ஸ்பேசர் (டைல்களுக்கு இடையே சம இடைவெளி விட வைக்கும் சிறு துண்டு) இல்லாமல் ஒட்டிப் போடுவதும் இந்த முறைக்கு ஆகாது. டைலுக்கு டைல் உள்ள சிறு அளவு வேறுபாட்டை உள்வாங்க இணைப்பில் இடம் வேண்டும்.

அடுத்து ஓரத்துண்டு. அறையின் அகலம் 3.2 மீட்டர், டைல் 600 மி.மீ., இணைப்பு 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முழு டைல் போட்டால் இருபுறமும் 95 மி.மீ. அளவில் கீற்றுதான் மிஞ்சும். கோட்டை அரை டைல் நகர்த்தினால் நான்கு முழு டைலும், இருபுறமும் ஏறத்தாழ 395 மி.மீ. துண்டும் வரும். பார்க்க எவ்வளவு வித்தியாசம்! அறைக்கு அறை போடும்போது இந்த நகர்த்தல் உங்கள் கையில் இருக்கிறது. தொடர்கோட்டில் இல்லை, கூடத்துக்காக நகர்த்தினால் படுக்கையறையில் கீற்று விழலாம். எனவே எல்லா அறைகளையும் ஒரே தாளில் அளவுப்படி வரைந்து, கீற்று எந்தச் சுவரில் விழலாம் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். அலமாரியின் அடியிலோ கட்டிலின் தலைமாட்டிலோ விழுந்தால் யாருக்கும் தெரியாது. கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவரில் மட்டும் வேண்டாம்.

அறைக்கு அறை முறையில் பிழை வாசலோடு நின்றுவிடும். பின்னாளில் ஓர் அறையை மட்டும் பெயர்த்துப் போடுவதும் எளிது. பட்டை, மூடிய கதவின் நேர் அடியில் வர வேண்டும். அப்போதுதான் இரு பக்கமும் அவரவர் தரை மட்டும் தெரியும். பட்டையின் இருபுறமும் இணைப்புகள் 5 மி.மீ. விலகியிருந்தால் வேலை கெட்டது போல் தெரியும். அரை டைல் விலகியிருந்தால் திட்டமிட்டது போல் தெரியும். குளியலறைக்கு வாட்டமும் தரைமட்டமும் வேறு என்பதால் அங்கே எப்படியும் இந்த முறைதான்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து போகும் தரையில் 6 முதல் 7.5 மீட்டருக்கு ஒருமுறை சிலிக்கோன் போன்ற நெகிழும் பொருள் நிரப்பிய இணைப்பு வேண்டும். வெயில் விழும் இடத்தில் இன்னும் நெருக்கமாக. இல்லையென்றால் டைல்ஸ் விரிய வழியில்லாமல் மேலெழும்பும். நிலைவாசல் அதற்கு வாகான இடம்.

டைல்ஸை மூலைவாட்டில், அதாவது சுவருக்குச் சாய்வாக, போடுவதை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. கோணலான சுவர்களை அது மறைக்கும். ஆனால் சேதாரம் கூடும், வாசலுக்கு வாசல் வெட்டும் பெருகும்.

எந்த வழியானாலும், பசை குழைக்கும் முன் நீளமான கோட்டில் ஒரு வரிசையைக் கலவையில்லாமல் பரப்பி, ஸ்பேசரும் வைத்துப் பாருங்கள். தாளில் தெரியாத நிலைச்சட்டத்தின் மூலையும் தூணின் விளிம்பும் அப்போதுதான் அகப்படும்.