துறைத் தலைவர் அதே துறைக்காரர்தானா? விதியை எங்கே பூட்டுவது

துறைத் தலைவர் அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். எந்த நிறுவனத்திலும் இருக்கும் சாதாரண விதிதான். பீட்டர் சென் 1976-இல் முன்வைத்த ஈ-ஆர் வரைபடத்தில் (தரவுத்தளத்தில் எவை இருக்கும், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் படம்) இதை வரைய முயன்றால் சிக்கல் தெரியும். ஊழியர், துறை என இரண்டு பெட்டிகள். நடுவே ‘பணிபுரிகிறார்’, ‘தலைமை வகிக்கிறார்’ என இரண்டு சாய்சதுரங்கள். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்குப் பல என்று குறிக்கலாம். இரண்டாவது உறவு முதல் உறவுக்குள் அடங்கியது என்று சொல்லத்தான் குறி இல்லை. உறவுக்கோட்டின் முனையைக் காக்கைக் கால் போலப் பிரித்து ‘பல’ என்று காட்டும் காக்கைக்கால் குறியீட்டிலும் கிடையாது. ஆப்ஜெக்ட்-ரோல் மாடலிங் என்ற வேறொரு வரைமுறையில் ஓர் உட்கண அம்பு (ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கியது என்ற குறி) போட்டால் போதும். ஆகவே ஈ-ஆர் படத்தில் அடிக்குறிப்பாக எழுதுகிறார்கள். கோட் எழுதும்போது அது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

டேபிளில் பூட்டுவதற்கு எனக்குப் பிடித்த வழி கூட்டு ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் பல நெடுவரிசைகள் சேர்ந்து இன்னொரு டேபிளில் இருக்கும் வரியைச் சுட்டுவது. ஊழியர் டேபிளில் துறை எண், ஊழியர் எண் இரண்டையும் சேர்த்து யூனிக் (அதே ஜோடி இருமுறை வராதபடி) ஆக்குங்கள். துறை டேபிளில் துறை எண், தலைவர் எண் என்ற ஜோடி அதைச் சுட்டட்டும். 10-ஆம் துறைக்கு 20-ஆம் துறைக்காரரைத் தலைவராக்கினால் தரவுத்தளமே மறுத்துவிடும். தலைவர் எண்ணை வெறுமையாக விட அனுமதியுங்கள். இல்லையென்றால் முதல் துறையையும் முதல் ஊழியரையும் எந்த வரிசையில் சேர்ப்பது என்று முட்டிக்கொள்ளும்.

இங்கே ஆன் அப்டேட் கேஸ்கேட் (சுட்டப்படும் மதிப்பு மாறினால் சுட்டும் இடத்திலும் மாற்றுவது) மட்டும் வேண்டவே வேண்டாம். தலைவரை 20-ஆம் துறைக்கு மாற்றினால், அது 10-ஆம் துறையின் எண்ணையே 20 ஆக்கப் பார்க்கும். ஆன் டெலீட் செட் நல் (சுட்டப்படும் வரி நீங்கினால் சுட்டும் இடத்தை வெறுமையாக்குவது) போட்டாலும் துறை எண்ணையும் சேர்த்தே அழிக்க முயன்று, வெறுமையாக இருக்கவே கூடாத பிரைமரி கீ-யில் மோதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 15-ஆம் பதிப்பிலிருந்து தலைவர் எண்ணை மட்டும் வெறுமையாக்கச் சொல்லலாம்.

துறை டேபிளின் செக் விதிக்குள் (வரியைச் சேர்க்கும்போதோ மாற்றும்போதோ சோதிக்கும் நிபந்தனை) ஒரு ஃபங்ஷனை அழைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. துறை வரி மாறும்போதுதான் அது ஓடும். ஊழியர் வேறு துறைக்குப் போனால் அதற்குத் தெரியாது.

டிரிக்கர் (டேபிளில் மாற்றம் வரும்போது தானாக ஓடும் கோட்) என்றால் இரண்டு டேபிளிலும் எழுத வேண்டும். அப்போதும் ரீட் கமிட்டெட் நிலையில் (மற்றவர் உறுதிசெய்து முடித்த மாற்றங்களை மட்டும் பார்க்கும் நிலை) ஓட்டை இருக்கிறது. ஒரு டிரான்சாக்ஷன் (ஒன்றாக நிறைவேறும் மாற்றங்களின் தொகுப்பு) 7-ஆம் ஊழியரை 10-ஆம் துறைக்குத் தலைவராக்குகிறது. அதே நேரத்தில் இன்னொன்று அவரை 20-க்கு மாற்றுகிறது. இரண்டும் பழைய நிலையையே பார்த்து, இரண்டும் தேறிவிடும். துறை டேபிளின் டிரிக்கர் அந்த ஊழியர் வரியை முதலில் செலக்ட் ஃபார் அப்டேட் மூலம் பூட்ட வேண்டும், அதாவது தான் முடியும்வரை வேறு யாரும் மாற்றாதபடி பிடித்துவைக்க வேண்டும். அப்ளிகேஷன் கோடில் சரிபார்த்தாலும் இதே ஓட்டைதான். போதாததற்கு யாராவது நேரடியாக எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை) ஓட்டினால் அந்தச் சோதனை நடக்கவே நடக்காது.

‘ஊழியர் சம்பளம் தலைவர் சம்பளத்தைத் தாண்டக் கூடாது’ போன்ற விதியைக் கீ-யால் பிடிக்க முடியாது. அதற்கு டிரிக்கர்தான், பூட்டோடு சேர்த்து.