பள்ளிக்கூடப் படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம்

கற்றல் வெளிகளின் வடிவமைப்பைப் பற்றிய நூல் ஒன்றுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதலில் கட்டணப் படத்தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். ‘வகுப்பறை’ என்று தேடினால் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளும் துடைத்துவைத்த மேசைகளும்தான் வந்தன; அது எந்த ஊர்ப் பள்ளி, கட்டியவர் யார் என்ற விவரம் எதற்கும் இல்லை.

பிறகு, 2004 முதல் இயங்கிவரும் இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்கு வந்தேன். அதில் பெரும்பாலான படங்களுடன் இடம், நாள், எடுத்தவர் பெயர், உரிமம் ஆகியவை சேர்ந்தே கிடைப்பது, கட்டடங்களைப் பற்றிப் பேசும் நூலுக்குப் பெரிய வசதி. பழைய படங்களில்தான் இதன் வளம் தெரிகிறது. 1899 வாக்கில் அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் எடுத்தவற்றைக் காசில்லாமல் எடுத்து அச்சிடலாம்.

ஆனால் உரிமக் குறிப்பைப் பார்த்ததுமே நிம்மதியடைந்துவிடக் கூடாது. புகைப்படக்காரர் அனுமதித்திருந்தாலும், படத்திலுள்ள கட்டடத்தில் அதை வடிவமைத்தவருக்குத் தனி உரிமை உண்டு. கட்டடங்களைப் படமெடுத்து வெளியிட இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பிரான்சில் வணிகப் பயன்பாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால், அந்நாட்டின் புதிய பள்ளிகளை மனமில்லாமல் ஒதுக்கினேன். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். உரிமம் என்பது பெற்றோரின் சம்மதம் ஆகாது. அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: 5 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 1,500 படப்புள்ளி அகலமாவது தேவை.

தன்னார்வலர்கள் தெருவில் நின்று எடுத்துத் தரும் படங்கள் மிகுதி என்பதால் முகப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் நூலுக்கு வேண்டியதோ உள்ளறை. அமெரிக்காவின் வின்னெட்காவில், கட்டடக் கலைஞர்கள் எலியல் சாரினென், ஈரோ சாரினென் ஆகியோரின் பங்களிப்புடன் 1940இல் கட்டப்பட்ட குரோ ஐலண்டு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் செங்கல் கடிகாரக் கோபுரம் படத்தில் அழகாகத்தான் நிற்கிறது. அந்தப் பள்ளியின் புதுமையோ, ஏறக்குறைய ‘ட’ வடிவில் மடங்கி, தனக்கென்று ஒரு சிறு முற்றத்தை அணைத்துக்கொண்டிருக்கும் வகுப்பறையில் இருக்கிறது. கோபுரத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது புலப்படாது. அந்தப் பக்கத்திலிருந்து கோபுரத்தை எடுத்துவிட்டு, ஓவியர் ஒருவரைக் கொண்டு எளிய கோட்டுத் தரைப்படம் ஒன்றை வரையச் செய்து வைத்தோம்.