‘முழுப் பித்தளை’ன்னு நம்பி 38,500 ரூபா போச்சு: ரயில் மாடல் வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் நடுங்குது. செவ்வாய்க்கிழமை பார்சல் வந்துச்சு, இன்னிக்கு ஞாயிறு. இந்த அஞ்சு நாளும் சரியா தூக்கம் இல்லை. 38,500 ரூபா. சீட்டு எடுத்த காசு. எனக்கு நடந்தது வேற யாருக்கும் நடக்கக் கூடாதுன்னுதான் எழுதறேன். இந்த மாதிரி மாடல் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசில விளக்கமா சொல்றேன்.

எங்க நைனா 1964-ல சென்னை பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டுல, அதாவது ரயில் எஞ்சினை நிறுத்திப் பராமரிக்கிற கொட்டகையில, கிளீனரா சேர்ந்தவர். அப்புறம் செகண்ட் பயர்மேன், ஃபர்ஸ்ட் பயர்மேன்: ஸ்டீம் எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுற வேலை. இப்போ 81 வயசு. ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொரு கண்ணு மங்கல். அவருக்காக, வியாசர்பாடி வீட்டுல படிக்கட்டுக்கு மேல இருக்கிற சின்ன ரூம்ல, 8 அடிக்கு 2 அடி பலகையில அந்தக் காலத்து ஷெட்டை மாடலா கட்டிட்டு வரேன். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை பூரா அதுலதான் போகுது. அறுபதுகள்ல ஷெட் எப்படி இருந்துச்சோ அப்படியே: சாம்பல் குழி, தண்ணித் தூண், கரி மேடு, புகை ஏறின சுவர்.

தண்டவாளத்துக்கு அடியில போடுற ஜல்லி, எம்-சாண்டை டீ வடிகட்டியில சலிச்சு எடுத்தது. அதை ஒட்ட ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு விடணும். இல்லைன்னா பசை மணலுக்குள்ள இறங்காம மேலயே முத்து முத்தா உருளும். சாம்பல் குழிக்குச் சாம்பல் எங்க தெரு இஸ்திரிக்காரர் கொடுத்தது. கரி மேட்டுக்கு நிஜக் கரி: கடைசியா ஸ்டீம் எஞ்சின்ல வேலை பார்த்த அன்னிக்கு நைனா எடுத்துட்டு வந்த ஒரு கட்டி, இத்தனை வருஷமா டிரங்க் பெட்டியில கிடந்துச்சு. அவரே எடுத்துக் கொடுத்தார். துணியில சுத்தி சுத்தியலால தட்டி, தூளை அந்த மேட்டுல கொட்டினோம்.

எல்லாம் இருந்துச்சு, எஞ்சின் மட்டும் இல்லை. நைனா கேட்டது டபிள்யூ.பி. எஞ்சின்தான். 1947-ல அமெரிக்காவுல பால்ட்வின் கம்பெனியில இருந்து முதல் 16 வந்து இறங்கினதே, அந்த வகை. மூக்கு கூம்பா நீண்டு, நடுவுல வெள்ளி நட்சத்திரம். அகலப்பாதை மெயில், எக்ஸ்பிரஸ் எல்லாம் அதுதான் இழுத்துச்சு. எச்.ஓ. அளவுல, அதாவது 87-ல ஒரு பங்கு அளவுல, இது கடையில தொங்குற பொருள் இல்லை. கையால செய்றவங்க சில பேர்தான், விலையும் அப்படித்தான்.

பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு ஆப்புல போன மாசம் பார்த்தேன். “டபிள்யூ.பி., கையால் செய்தது, முழுப் பித்தளை, நீராவிக் காலம் போலவே அழுக்கு ஏற்றியது, 39,500.”

ஏன் நம்பினேன்னு சொல்லணும், ஏன்னா நான் ஏமாந்த இடமே அதுதான். போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பாய்லரைக் கழுவத் திறக்கிற மூடி இருக்குமே, வாஷ் அவுட் பிளக், அதுக்குக் கீழ மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, கீழ போகப் போக அகலமா. கொதிக்கிற தண்ணி கசிஞ்சு ஆவியாகி, உப்பும் சுண்ணாம்பும் படியுற கறை அது. புகைக்கூண்டைச் சுத்திக் கரி, சக்கரத்துக்கிட்ட செம்மண் தூசி, சக்கரங்களை இணைக்கிற கம்பி, சைட் ராடுல எண்ணெய் மினுமினுப்பு. ஸ்டீம் எஞ்சின் எங்க எதனால அழுக்காகும்னு தெரிஞ்சவனாலதான் அப்படிப் பூச முடியும். இவ்வளவு உண்மையா வேலை செய்றவன் பொய் சொல்லமாட்டான்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

போன் பண்ணினேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, “அண்ணே, உங்க தண்டவாளம் பதினாறரையா, பத்தொன்பதா?”ன்னு கேட்டான். தெரிஞ்சவன் கேக்குற கேள்வி அது. நம்ம அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், 87-ஆல வகுத்தா 19-க்கு மேல வரும். ஆனா ரெடிமேடா கிடைக்கிற எச்.ஓ. தண்டவாளம் 16.5 தான், அது வெளிநாட்டு 1435-க்குச் செஞ்சது. “பதினாறரைதான் தம்பி”ன்னேன். “அப்போ சரியா உக்காரும் அண்ணே. எங்க தாத்தாவும் பயர்மேன்தான், ஜோலார்பேட்டை”ன்னான். நைனாகிட்ட போனைக் கொடுத்தேன். “ஐயா, உங்க கைக்குப் போகுதுன்னா எனக்கு சந்தோஷம்”னு அவர்கிட்டயும் சொன்னான். போனை வெச்சதும் நைனா, “நல்ல பையன்டா, வாங்கிடு”ன்னார்.

வீடியோ கால்ல காட்டினான். மஞ்சள் பல்பு வெளிச்சம், பின்னாடி பச்சை சுவர். வலது பக்கம் மட்டும் தெரிஞ்சுது. இடது பக்கம் திருப்பச் சொன்னேன். “லைட் சரியில்லை அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்”ன்னான். நானும் விட்டுட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

அப்புறம் அடுத்த பேச்சு: “ஆப்புல கட்டினா கமிஷன் புடிப்பாங்க அண்ணே. நேரா ஜி.பே. பண்ணுங்க, ஆயிரம் குறைச்சுக்கறேன்.” முதல்ல 10,000, அனுப்புற அன்னிக்கு 28,500. மொத்தம் 38,500.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூரியர் பையன் வந்தான். கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். பிரிச்சு நைனா கையில வெச்சேன். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கண்ணு சரியா தெரியாததால அவர் விரலாலதான் பார்ப்பார். மூக்கைத் தடவினார், நட்சத்திரத்தைத் தொட்டுச் சிரிச்சார். அப்புறம் இடது பக்கம், சக்கரத்துக்கு மேல இருக்கிற சட்டத்துல விரலை ஓட்டினவர் நின்னுட்டார். திரும்ப ஓட்டினார்.

“இங்க ஏன்டா இவ்ளோ அழுக்கு அப்பியிருக்கு? இது மேல எதுவும் ஒழுகாதே. மெயில் எஞ்சினை நாங்க துடைச்சுத் துடைச்சு வெச்சிருப்போம். கிளீனர்னு எதுக்கு வேலைக்கு வெச்சாங்க?”

விரல்ல கரி ஒட்டியிருந்துச்சு. பவுடர் பூசிட்டு அது மேல வார்னிஷ் கூட அடிக்கலை. நான் ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு அந்த இடத்தைத் துடைச்சேன். அழுக்கு வந்துச்சு, அதுக்குக் கீழ எம்-சீல் வந்துச்சு, எம்-சீலைக் கத்தி முனையால தட்டினா விரிசல். தலைமுடி கனம் இல்லை, நகம் இறங்குற விரிசல். சட்டம் நடுவுல உப்பி, வாழைக்காய் மாதிரி வளைஞ்சிருக்கு. அடியில சுரண்டினேன். பித்தளைன்னா மஞ்சளா மின்னணும். சாம்பல் நிறமாத்தான் வந்துச்சு.

அது துத்தநாகக் கலவை வார்ப்பு. ஏதோ பழைய வெளிநாட்டு மாடலோட அடிச்சட்டத்தை எடுத்து, மேல ரெசின் உடம்பை ஒட்டியிருக்கான். அந்தக் காலத்து வார்ப்புல ஈயம் மாதிரி அசுத்தம் கொஞ்சம் கலந்துட்டாலே போதும், வருஷக்கணக்குல உள்ளுக்குள்ளயே அரிச்சு, உப்பி, வெடிச்சு, கடைசில பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரக் காத்து பட்டா இன்னும் சீக்கிரம். கடல்ல இருந்து இவ்வளவு கிட்ட இருக்கிற எங்க ஊர்ல கேக்கவே வேணாம். வெளிநாட்டுல இதை ‘துத்தநாகப் பூச்சி’ன்னு அர்த்தம் வர்ற பேர்ல சொல்றாங்க. வைத்தியம் கிடையாது. ஒட்டினாலும் பக்கத்துல வெடிக்கும்.

12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். ரெண்டு தடவை உதறிச்சு, உர்ர்னு சத்தம் வந்துச்சு, கருகின வாசனை. சட்டம் உப்பினதுல அச்சு இறுகிப் போச்சு, சக்கரம் எங்க சுத்தும்? சட்டுனு ஆஃப் பண்ணினேன். நைனா ஒண்ணும் பேசலை. “கண்டம் ஆன எஞ்சின்டா இது”ன்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டார். இனி ஓடாதுன்னு ஒதுக்கின எஞ்சினை ரயில்வேல அப்படித்தான் சொல்வாங்க.

மாடலுக்கு அழுக்கு ஏத்துறது ஒரு வித்தை. அதை நான் உயிரா மதிக்கிறேன். கருப்பையும் பழுப்பையும் நீர்க்கக் கரைச்சு ஓட விடுறது, காய்ஞ்ச பிரஷ்ஷால விளிம்பை மட்டும் தேய்க்கிறது, சாக்பீஸ் தூளைத் தொட்டுத் தொட்டு வைக்கிறது, இதெல்லாம் கத்துக்கவே வருஷம் ஆகும். அவனுக்கு அந்த வித்தை தெரியும். வலது பக்கத்துல உண்மையைக் காட்டத் தெரிஞ்சவன், அதே பிரஷ்ஷை வெச்சு இடது பக்கத்துல விரிசலை மூடியிருக்கான். ஒண்ணும் தெரியாதவன் ஏமாத்தியிருந்தா இவ்வளவு கோபம் வராது.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினேன். “கூரியர்ல அடிபட்டிருக்கும் அண்ணே.” அடிபட்டா எம்-சீல் எப்படித் தம்பி உள்ள போகும்? “பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?” இல்லை. “வீடியோ இல்லைன்னா நான் என்ன பண்றது?” புதன்கிழமை, “ஊர்ல இல்லை, அப்புறம் பேசறேன்.” வியாழக்கிழமை ரிங் போச்சு, எடுக்கலை. மத்தியானத்துல இருந்து என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான்.

ஆப்போட கஸ்டமர் கேர்ல மூணு பேர்கிட்ட மாத்தி மாத்திப் பேசினேன். மூணு பேருக்கும் முதல்ல இருந்து கதை சொன்னேன். கடைசில ஒரு பொண்ணு, “சார், நீங்க எங்க மூலமா பணம் கட்டலை, அதனால எங்களால எதுவும் செய்ய முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”னு கேட்டுச்சு. கூரியர் ஆபீஸ்ல, “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.” போலீஸ் ஸ்டேஷன்ல உக்காரக்கூடச் சொல்லலை. “பொருள் வந்துடுச்சுல்ல? அப்புறம் என்ன மோசடி? பொம்மைக்கா சார் 38,500 கொடுத்தீங்க?” பக்கத்துல இருந்தவர் சிரிச்சார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதுல இருக்கு. பொம்மை இல்லைங்க அது. ஒரு மனுஷன் தன் உடம்பைக் கரியில வேக வெச்ச காலம் அது.

வெள்ளிக்கிழமைதான் சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு போன் பண்ணணும்னே ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுது. பணம் போன அன்னிக்கே பண்ணினாத்தான் அக்கவுன்ட்டை முடக்க வாய்ப்பு இருக்காம். எனக்கு ரெண்டாவது தவணை போயே ஒரு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு. இருந்தாலும் புகார் பதிஞ்சு நம்பர் வாங்கியிருக்கேன். நாளைக்கு பேங்குக்குப் போகணும்.

விளக்கமா எழுதறேன்னு சொன்னேன், இப்போ மனசு நிக்கலை. முக்கியமானதை மட்டும் சொல்றேன். ஆப்புக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க, ஆயிரம் குறைச்சாலும் சரி. நாலு பக்கமும், அடிப்பக்கமும் பகல் வெளிச்சத்துல காட்டச் சொல்லுங்க. தண்டவாளத்துல ஓட்டி வீடியோ கேளுங்க. கரி மேல இருந்து விழும், தூசி கீழ இருந்து ஏறும், சுண்ணாம்பு கசியுற இடத்துல இருந்து ஒழுகும். இது எதுலயும் சேராத இடத்துல அழுக்கு கனமா இருந்தா அதுக்குக் கீழ என்னன்னு கேளுங்க. பித்தளைன்னு சொன்னா பெயின்ட் இல்லாத ஒரு இடத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்க. பார்சல் பிரிக்கறதை வீடியோ எடுங்க. ஏமாந்துட்டா அன்னிக்கே 1930. நுகர்வோர் புகாருக்கு 1915.

இன்னொண்ணு, இதுக்காகத்தான் அவசரமா இந்நேரத்துல எழுதறேன். இன்னிக்குக் காலையில அதே ஆப்புல வேற பேர்ல ஒரு விளம்பரம் வந்திருக்கு. மீட்டர்கேஜ் வொய்.பி. எஞ்சின், ‘முழுப் பித்தளை, அழுக்கு ஏற்றியது’, 36,000 ரூபா. அதே பச்சை சுவர், அதே மஞ்சள் பல்பு, வலது பக்கம் மட்டும். யாராவது பேசிட்டு இருந்தீங்கன்னா, பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க.