மோடி இடதா, வலதா? டெல்டாவிலிருந்து ஒரு கணக்கு

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இந்தப் பேச்சைக் கிளப்பினால் டீக்கடை இரண்டு கட்சியாகிவிடும். "கம்பெனிக்காரனுக்கு வரியைக் குறைச்சவர் வேற யாராம்?" என்பார் ஒருவர். "விவசாயிக்கு 6,000, வைத்தியத்துக்கு 5 லட்சம், இது இடது இல்லையா?" என்பார் அடுத்தவர். மதம், தேசியம் எல்லாம் தனிக் கணக்கு. இங்கே பொருளாதாரமும் மருத்துவமும் மட்டும். சந்தைக்கும் தனியாருக்கும் வழிவிட்டால் வலது, அரசே கையில் எடுத்து ஏழைக்குக் கொடுத்தால் இடது.

வலது என்பவர்களிடம் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. 2015 பட்ஜெட்டில் பணக்காரர்கள் கட்டிய செல்வ வரி (wealth tax) போனது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆனது; புதிய உற்பத்தி ஆலைகளுக்கு 15. ஏர் இந்தியா டாடா கைக்குப் போனது. 2020 வேளாண் சட்டங்கள் அரசு ஒழுங்குபடுத்தும் மண்டிக்கு வெளியே தனியார் கொள்முதலுக்குக் கதவு திறந்தன. டெல்லி எல்லையில் ஓராண்டுப் போராட்டத்துக்குப் பிறகு வாபஸ். அப்போது நம் பக்கத்துப் பயம், அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்னவாகும் என்பதுதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே மூட்டை நகராது என்று திட்டிக்கொண்டே இருப்போம். ஆனால் அதை மூடு என்று சொல்லும் ஆள் டெல்டாவில் கிடையாது.

இடது என்பவர்கள் காட்டுவது, சுமார் 80 கோடிப் பேருக்கு இலவச தானியம். தமிழ்நாட்டில் 2011 முதலே ரேஷன் அரிசிக்குக் காசில்லை என்பதால் இந்த வாதம் இங்கே எடுபடாது. அதைவிட நல்ல வாதம் ஒன்று உண்டு: பொதுத்துறை வங்கிகளை ஒன்றோடொன்று இணைத்தார்களே தவிர, பெரும்பாலானவை இன்னும் அரசிடம்தான்.

மருத்துவத்தில் விஷயம் சிக்கலாகிறது. அரசே கட்டடம் கட்டி, டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து நடத்துவது ஒரு வழி. தஞ்சாவூர் மெடிக்கல் அந்த வகை. அட்டையைக் கொடுத்து, அறுவை சிகிச்சை எங்கே நடக்கிறதோ அங்கே பணம் கட்டுவது இன்னொரு வழி. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் இரண்டாவது வகை: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். காசு பொதுக்காசு, வேலை பாதி சந்தையுடையது. அப்படியென்றால் வலதா? சரி, 2009-ல் கருணாநிதி கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டமும் இதே அச்சுதானே. அவரை யாரும் வலதுசாரி என்று சொன்னதில்லை. அதன் வழிவந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மானும் இன்று தமிழ்நாட்டில் ஒரே திட்டமாக ஓடுகின்றன. 2017-ல் இதய ஸ்டென்டுக்கு அரசு விலை உச்சவரம்பு போட்டது. மருந்து தடவிய வகைக்கு 29,600 ரூபாய். சந்தையின் கழுத்தில் கை வைத்த வேலை அது. அவர் அரசு செய்தவற்றிலேயே இதுதான் சுத்தமான இடது என்பேன். காப்பீடோ படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான் கதி. நிலையத்தைப் பலப்படுத்துவதா, அட்டையைப் பெரிதாக்குவதா என்பதில்தான் இடது வலது தெரியும்.

கிசான் உதவித்தொகைக்கு வருவோம். ஆண்டுக்கு 6,000, மூன்று தவணை, நேராக வங்கியில். ஏழைக்குப் பணம், எனவே இடது என்று தோன்றும். ஆனால் பணம் போவது நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. கோயில் நிலம், மடத்து நிலம், மிராசு நிலம் என்று குத்தகைக்கு உழுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. நடவு, உரம், அறுப்பு எல்லாம் குத்தகைதாரர் தலையில். பட்டா இல்லாததால் 6,000 மட்டும் அவருக்கு இல்லை. பயிர்க் காப்பீட்டில் அடங்கல் (யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு) காட்டி அவர் சேரலாம், சம்பாவுக்கு ஒன்றரை சதவீத பிரீமியம். உதவித்தொகையில் அந்த வழி இல்லை. சொத்துள்ளவரைத் தேடிப் போகும் உதவியை நான் நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம்தான் வைப்பேன்.

பெயர்ப்பலகையை நம்பி இங்கே கணக்குப் போட முடியாது என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு. 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது ராஜாஜி அரசு. பின்னாளில் தனியார் தொழிலுக்காக வாதாடிய வலதுசாரி சுதந்திராக் கட்சி தொடங்கிய அதே ராஜாஜி! கிராமத்தில் செங்கொடி ஏறியிருந்தது, வேறு வழியில்லை என்பார்கள் தோழர்கள். இருக்கலாம், சட்டம் சட்டம்தான்.

குத்தகைதாரரைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் கஷ்டம், வாய்மொழிக் குத்தகைக்கு ஏது காகிதம் என்று மத்தியத் திட்டத்துக்காகப் பேசுபவர்கள் சொல்வார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே காலத்தில் ஒடிசாவில் நவீன் பட்நாயக் அரசு கொண்டுவந்த காலியா திட்டம், விளைச்சலில் பங்கு கொடுத்து உழும் வாரச் சாகுபடிக்காரரையும் நிலமில்லாதவரையும் பட்டியலில் சேர்த்தது.