27 மெகாஹெர்ட்ஸ் அரை அலை வெர்டிகல் ஆண்டெனா: நெல்லைக் காற்றுக்கும் உப்புக்கும் தாங்குமா?

வெளிநாட்டில் சிபி ரேடியோவுக்கென்று (பொதுமக்கள் 27 மெகாஹெர்ட்ஸில் பேசும் ரேடியோ) விற்கும் அரை அலை வெர்டிகலை (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள செங்குத்து ஆண்டெனா) நம்மூர் ஹாம்கள் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) 10 மீட்டருக்காக, அதாவது 28 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைக்காக, வாங்குகிறார்கள். வாங்கலாம், நல்ல சாமான்தான். ஆனால் பெட்டியில் வந்த அளவிலேயே நிறுத்தினால் டியூன் ஆகாது. கேபிளில் சோக் (கேபிளின் வெளிப்புறம் ஓடும் கரண்டைத் தடுப்பது) இல்லாவிட்டால் பாதி வேலைதான் செய்யும். தென்காசிப் பக்கமோ பணகுடிப் பக்கமோ ஸ்டே (இழுத்துக் கட்டும் கயிறு) இல்லாமல் நிறுத்தினால் ஆடி மாதத்தைத் தாண்டாது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பேசலாம். அந்தச் சலுகை 5 வாட்டுக்குள், ஆண்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்கும் கருவிக்குத்தான். 40 சானல் செட்டில் 27-ஆம் சானல் 27.275, அடுத்த சானல் 27.285, அங்கேயே எல்லை தாண்டிவிடுகிறது. மாடியில் தனி ஆண்டெனா ஏற்றுவது இந்தச் சலுகைக்குள் வராது. ஹாம் உரிமம் இருப்பவர்களுக்கு 28.0 முதல் 29.7 வரை திறந்திருக்கிறது. இந்த ஆண்டெனாவுக்கு இங்கே நியாயமான வேலை அங்கேதான். அதனால் கீழே உள்ள அளவெல்லாம் 28.4 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்துச் சொன்னவை.

சந்தையில் மூன்று வகை கிடைக்கிறது. ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள். அடியில் மேட்சிங் காயில் (ஆண்டெனாவைக் கேபிளோடு ஒத்துப்போகச் செய்யும் சுருள்), சுமார் ஐந்தரை மீட்டர் நீளம், ரேடியல் (அடியிலிருந்து பக்கவாட்டில் விரியும் கம்பிகள்) கிடையாது. இரண்டு, ஏ-99 போல மூன்று துண்டாக வரும் ஃபைபர்கிளாஸ் கம்பு; இதுவும் அரை அலைதான், டியூனிங்குக்கு இரண்டு வளையங்கள் உண்டு. மூன்று, ரேடியல் வைத்த ஐந்தெட்டு (5/8) அலை, ஏறத்தாழ ஏழு மீட்டர். பெட்டியில் அச்சடித்திருக்கும் கெயின் (அலையைக் குவிக்கும் திறன்) எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அரை அலைக் கம்பி வெட்டவெளியில் தருவது 2.15 டிபிஐ (எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்பும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). ஐந்தெட்டு அலை அதைவிட ஒரு டெசிபல் கூடத் தரலாம். எஸ் மீட்டரில் (சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டர்) ஒரு புள்ளி நகர 6 டெசிபல் வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால், அந்த ஒரு டெசிபலுக்காக இரண்டு மீட்டருக்கு மேல் நீளும் ரேடியல்களைக் காற்றில் விரித்து வைப்பது செங்கோட்டைக் கணவாய்க் காற்றடிக்கும் ஊர்களுக்குப் பொருந்தாது. குற்றாலம், பாபநாசம் பக்கம் குரங்கு வேறு இருக்கிறது. ரேடியலைப் பிடித்துத் தொங்கினால் ஒரே நாளில் வளைந்துவிடும்.

பெட்டியைப் பிரித்ததும் பலர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, நடு ஊசிக்கும் வெளி உடலுக்கும் ஷார்ட் காட்டுகிறதே என்று திருப்பி அனுப்பத் துணிகிறார்கள். அடியில் காயில் உள்ள ஆண்டெனாவில் டிசிக்கு அப்படித்தான் காட்டும். ரேடியோ அலைவரிசையில் அது ஷார்ட் இல்லை.

இனி டியூனிங். 27.185-இல் அரை அலை 5.51 மீட்டர், 28.4-இல் 5.28 மீட்டர். ஆக அலுமினிய வகையில் சிபிக்குக் கொடுத்த அளவிலிருந்து சுமார் 23 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். குழாயை அறுக்காதீர்கள். மேல் துண்டை உள்ளே தள்ளி, கிளிப்பை இறுக்கினால் போதும். தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் மார்க்கரால் கோடு போட்டுவையுங்கள். இந்த நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் மாறினால் ஆண்டெனா ஒத்திசையும் அலைவரிசை ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் நகரும். கோடு இல்லாமல் கண் மதிப்பில் தள்ளினால் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டியதுதான்.

முதல் அளவை ஆண்டெனாவின் அடி, தளத்திலிருந்து இரண்டு மீட்டராவது உயர்ந்திருக்கும்படி நிறுத்தி எடுங்கள். தண்ணீர் டேங்க், துணி காயப்போடும் கம்பி, டிஷ் ஆண்டெனா எல்லாம் தள்ளி இருக்கட்டும். தரையில் படுக்கப்போட்டோ கையில் பிடித்துக்கொண்டோ எடுத்த அளவு எதற்கும் உதவாது. நானோ விஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) வைத்திருப்பவர்கள் கேபிளின் ஆண்டெனா முனையிலேயே ஓபன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டிக் காலிபரேட் செய்துவிட்டுப் பாருங்கள். வெறும் எஸ்டபிள்யூஆர் மீட்டர்தான் (ஆண்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுவது; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) இருக்கிறது என்றால் குறைந்த பவரில் 28.1, 28.4, 28.9 மூன்று இடத்தில் எடுங்கள். 28.1-இல் அதிகம் காட்டினால் ஆண்டெனா குட்டை, மேல் துண்டை வெளியே இழுங்கள். 28.9-இல் அதிகம் என்றால் நீளம், உள்ளே தள்ளுங்கள். ஃபைபர்கிளாஸ் வகையில் இதே வேலையை வளையங்கள் செய்யும். ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், எந்தப் பக்கம் திருப்பினால் எங்கே நகர்கிறது என்று எழுதிக்கொண்டே போவது நல்லது. முழு உயரத்துக்கு ஏற்றியதும் மறுபடி அளக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

எஸ்டபிள்யூஆர் 1.5 வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். 1.5-இல் திரும்பி வரும் பவர் 4 சதவீதம்தான், 2-இல் 11 சதவீதம். 1.1 வேண்டும் என்று வளையத்தைத் தேய்ப்பதில் பயன் இல்லை. பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம்) சரியான இடத்தில் விழுந்தும் 2-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் கோளாறு நீளத்தில் இல்லை. கனெக்டர் சால்டர், மேட்சிங் காயில், அல்லது கேபிளின் வெளிப்புறம் ஓடும் கரண்ட், இந்த மூன்றில் ஒன்று.

அந்த மூன்றாவதுதான் ரேடியல் இல்லாத ஆண்டெனாக்களின் பெரிய குறை. விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை. ரேடியல் இல்லை என்றால் கரண்டுக்குத் திரும்பும் வழி வேண்டுமே. அது கேபிளின் மேல்வலையையும் ஆண்டெனா நிற்கும் பைப்பையும் ரேடியலாக்கிக்கொள்கிறது. சோதிப்பது எளிது: செட்டுக்குப் பக்கத்தில் கேபிளைக் கையால் இறுகப் பிடித்தால் மீட்டர் முள் அசைகிறதா, ஒரு மீட்டர் கேபிள் கூட்டினால் எஸ்டபிள்யூஆர் மாறுகிறதா, மைக்கில் சுள்ளென்று கடிக்கிறதா என்று பாருங்கள். மருந்து, ஆண்டெனாவுக்கு நேர் கீழே 4 அங்குல பிவிசி குழாயில் கேபிளை 6 முதல் 8 சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகச் சுற்றிக் கட்டுவது. ஃபெரைட் வளையம் கிடைத்தால் 31 அல்லது 43 மிக்ஸ் (ஃபெரைட் கலவையின் எண்) இன்னும் நல்லது. சோக் போட்டபின் பள்ளம் இடம் மாறும், அதனால் டியூனிங்குக்கு முன்பே இதைப் போட்டுவிடுங்கள். வீட்டு எல்இடி பல்பின் இரைச்சலும் இதனால் குறையும். வெர்டிகல் இயல்பிலேயே இரைச்சலை அதிகம் பிடிக்கும் என்பதால் இது சின்ன லாபம் இல்லை.

கேபிளில் சிக்கனம் பிடிக்காதீர்கள். 25 மீட்டர் ஓட்டத்தில் ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் சுமார் 2 டெசிபல் தின்னும், ஆர்ஜி-213 ஒரு டெசிபலுக்குள் நிற்கும். இன்னொரு பொறி: தண்ணீர் புகுந்த பழைய கேபிள் எஸ்டபிள்யூஆரை அழகாகக் காட்டும். போன பவரும் திரும்பும் பவரும் வழியிலேயே சூடாகிவிடுவதால் வரும் பொய் எண் அது. பழைய கேபிள் என்றால் மறுமுனையில் 50 ஓம் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) வைத்து இரண்டு முனையிலும் பவரை அளந்து பாருங்கள்.

நிறுத்துவதற்கு ஒன்றரை அங்குல பி கிளாஸ் ஜிஐ பைப், 6 மீட்டர் ஒரே துண்டு. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) மேல்மாடி எடுக்கலாம் என்று விட்டுவைத்த தூண் இருந்தால் அதில் இரண்டு இடத்தில் கிளாம்ப் போடுவதுதான் சிறந்தது. நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரை நம்பாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வரும் காற்று எப்படிப்பட்டது என்பதற்குக் கயத்தாறிலும் முப்பந்தலிலும் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. பைப்பின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் மூன்று திசைக்கு ஸ்டே. கம்பி வேண்டாம், பாலியெஸ்டர் கயிறு போடுங்கள்; நைலான் இழுபட்டுத் தொங்கும். கம்பிதான் கிடைக்கிறது என்றால் இபி கம்பத்தில் இருப்பதுபோல எக் இன்சுலேட்டர் வைத்துத் துண்டு துண்டாக்க வேண்டும். அலுமினியக் குழாய் காற்றில் ஊளையிட்டால் மேல் துண்டுக்குள் ஒரு பருத்திக் கயிற்றை விட்டு மூடி போடுங்கள், அதிர்வு அடங்கும்.

பைப்பும் ஆண்டெனாவும் சேர்ந்து பதினொன்றரை மீட்டர். சாய்ந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இபி லைனைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு மேலேயே லைன் போகும் தெரு என்றால் இந்த ஆண்டெனா வேண்டாம். இதில் சமாதானமே கிடையாது.

உவரி, திருச்செந்தூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களுக்கு ஃபைபர்கிளாஸையே சொல்வேன். அலுமினியக் குழாயும் ஜிஐ பைப்பும் உப்பில் ஒன்றையொன்று தின்னும். கிளிப் 316 தர ஸ்டெயின்லெஸ் இல்லையென்றால் பிடித்துக்கொண்டு அவிழவே அவிழாது. ஆனால் கடல்நீர் பக்கத்தில் இருப்பது வெர்டிகலுக்கு வரம். அலை தாழ்ந்த கோணத்தில் போகும். தூர நாடுகள் எளிதாகக் கிடைக்கும். ஃபைபர்கிளாஸின் குறை வெயில்: சில வருஷத்தில் மேல்பூச்சு உதிர்ந்து கையில் நார் குத்தும். உலோகப் பொடி கலக்காத பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். அதன் இணைப்புகள் காற்றில் தளர்வதும் உண்டு. உள்நாட்டில், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம், அலுமினியம் போதும். இணைப்புகளில் ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவிப் பொருத்துங்கள்.

எர்த் விஷயத்தில் மண்ணைப் பாருங்கள். தாமிரபரணி வயற்காட்டு ஈர மண்ணில் ஒரு எர்த் ராடு நன்றாகப் பிடிக்கும். சாத்தான்குளம் பக்கத் தேரி மணலில் ஒன்று போதாது. மூன்று நான்கு ராடை இடைவெளி விட்டு இறக்கி இணைத்து, வீட்டு எர்த்தோடும் சேர்க்க வேண்டும். எத்தனை எர்த் போட்டாலும் இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போடுவதுதான் பாதுகாப்பு.

கனெக்டருக்குச் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்), அதன்மேல் சாதாரண டேப். வினிகர் வாசம் வரும் சிலிகான் செம்பை அரிக்கும், நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். ஆண்டெனாவின் அடியில் உள்ள நீர் வடியும் துளையை அடைத்துவிடாதீர்கள். வைகாசியில் காற்று தொடங்குமுன் ஸ்டேயையும் கிளிப்பையும் ஒருமுறை இறுக்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் டேப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுங்கள்.